கையால் அடித்த பழைய டிரம்பெட்: வைத்து வாசிக்கலாமா, விற்றுவிடலாமா?

புளியந்தோப்பில் பேண்டு செட்டில் வாசிக்கும் ஓர் இளைஞர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “தாத்தா வாசித்த டிரம்பெட் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. முன்பக்கம் விரிந்திருக்கும் பெல்லில் பெசன், லண்டன் என்று பொறித்திருக்கிறது. கையால் செய்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கோயில் கொயரில் கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் சுருதி சேரவே இல்லை. இதை வைத்து வாசிக்கலாமா, பாலிஷ் போட்டு விற்றுவிடலாமா? பழைய கைவேலை டிரம்பெட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?”

விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். பாலிஷ் மட்டும் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். சுருதி சேராததற்குக் கருவியின் குறைதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டிவிடவும் கூடாது. பெரம்பூரில் 30 ஆண்டுகளுக்கு மேலாக டிரம்பெட் வாசித்தும், இந்தப் பகுதிப் பேண்டுகளின் கருவிகளைப் பழுதுபார்த்தும் வருகிறேன். பழைய கருவிகளில் கை வைத்தபோது எனக்குத் தெரியவந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையால் செய்தது என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். ஒரு டிரம்பெட்டில் கைவேலையின் தரம் மிகுதியாகத் தெரியும் இடம் பெல். 100க்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டை, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து, விசிறி போன்ற ஒரு வடிவத்தில் வெட்டுவார்கள். அதை மடித்து இரண்டு விளிம்புகளையும் சேர்த்து, நம் பொற்கொல்லர்கள் செய்வதைப் போலவே வெண்காரம் தடவிப் பொடி வைத்து நெருப்பில் பற்றவைப்பார்கள். பிறகு அதை எஃகு அச்சில் மாட்டிச் சுத்தியலால் அடித்து விரிப்பார்கள். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகிவிடும். அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும் என்பதால், பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். இப்படிப் பல முறை காய்ச்சி அடித்த பிறகுதான் கடைசலில் ஏற்றிச் சுழலவிட்டு, வழவழப்பான இரும்புக் கோலால் அழுத்தி அச்சோடு அச்சாக ஒட்ட வைப்பார்கள். குழாயை வளைக்கும்போது அது நசுங்காமல் இருக்க உள்ளே கீலையோ ஈயத்தையோ உருக்கி ஊற்றி, வளைத்து முடித்தபின் மறுபடி உருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மலிவான கருவிகளில் இந்த வேலை இப்படி நடப்பதில்லை. வட்டத் தகட்டை எந்திரத்தில் அழுத்திப் பெல்லின் வாயைத் தனியாகவும், தண்டைத் தனியாகவும் செய்து, நடுவில் வளையமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். உங்கள் டிரம்பெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெல்லின் மேல் வாயால் ஊதி ஈரம் படியச் செய்து பாருங்கள். பெல்லின் நீளவாக்கில் முடி போல ஒரு கோடு, சற்றே வேறு நிறத்தில், வாய் விளிம்பை நோக்கி ஓடினால் அது ஒரே தகட்டில் அடித்த பெல். கோடு குறுக்கே வளையமாகச் சுற்றி வந்தால் இரண்டு துண்டுகளைச் சேர்த்த பெல். மிகப் பழைய கருவிகளில் அந்த நீளக் கோடு ரம்பப் பல் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும். அதைப் பார்த்தால் செய்தவரின் கையையே பார்த்தது போல் இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு, கைவேலை என்றால் பழையது, எந்திர வேலை என்றால் புதியது என்று பிரித்துவிட முடியாது. இன்றைக்கும் உயர்ந்த விலைக் கருவிகளின் பெல்லைச் சுத்தியலால்தான் அடிக்கிறார்கள். பழைய கருவி எல்லாமே ஒருவர் மனம்போன போக்கில் அடித்ததும் அல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹாஸ், ஏஹே, ஹைன்லைன் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக டிரம்பெட் செய்தன. விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் வால்வு அவற்றில் கிடையாது. இயற்கையாக எழும் மேற்சுரங்களை மட்டும் உதட்டால் பிரித்து எடுத்து வாசித்தார்கள். வால்வு வந்தது 19ஆம் நூற்றாண்டில். ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் 1818இல் பெர்லினில் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நம் விரல்களின் கீழ் இருக்கும் பிஸ்டன் வால்வின் அமைப்பு, 1830களின் இறுதியில் பாரிஸில் பெரினே உருவாக்கியதன் வழிவந்தது.

உங்கள் கருவியில் பொறித்துள்ள பெயரும் பாரிஸில் பிறந்ததுதான். குஸ்தாவ் பெசன் 1837இல் அங்கே பட்டறை தொடங்கினார். 1850களில் அவர் செய்த பெரிய காரியம், குழாயின் ஒவ்வொரு பகுதிக்கும் துல்லியமான எஃகு அச்சுகளை வகுத்து, நன்றாக அமைந்த ஒரு கருவியைப் போலவே அடுத்தடுத்த கருவிகளையும் வடிக்க வழி செய்ததாகும். அடிப்பது கை, அளவைக் காப்பது அச்சு. பெசன் கருவிகளின் புகழுக்கு அடித்தளம் இந்தச் சேர்க்கை என்பது என் கருத்து. பிறகு அவர் லண்டனுக்குப் போய் அங்கும் தொழிற்சாலை அமைத்தார். யூஸ்டன் ரோடு முகவரி பொறித்த கருவிகள் அங்கே பிறந்தவை. பாரிஸ் பட்டறை அவருடைய மனைவி ஃப்ளோரன்டீன் பெயரில் தொடர்ந்தது. அதனால்தான் பிரெஞ்சுக் கருவிகளில் ‘எஃப். பெசன்’ என்று இருக்கும். இந்த இரண்டும் பெயரால் உறவு, ஆனால் வாசிப்பில் வேறு வேறு. உலகம் தேடி ஓடும் பிரெஞ்சு பெசன் வேறு, உங்கள் வீட்டில் இருக்கும் லண்டன் பெசன் வேறு. இணையத்தில் பிரெஞ்சு பெசனின் விலையைப் பார்த்துவிட்டு உங்கள் கருவிக்கு விலை போட வேண்டாம். அதே நேரத்தில் லண்டன் பெசனைத் தாழ்வாகவும் எண்ண வேண்டாம். அது பலரும் வாசித்த, உழைத்துப் பழகிய கருவி.

அது நம் ஊருக்கு வந்த வழி ஊகிக்கக் கூடியதே. வெள்ளைக்கார ராணுவத்தின் பேண்டுகள், ரயில்வே ஊர்களின் நடன அரங்குகள், தேவாலயங்கள், இரட்சணிய சேனை போன்ற இயக்கங்கள் ஆகியவைதான் இத்தகைய கருவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. இரட்சணிய சேனை தன் பேண்டுகளுக்காக இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் சொந்தத் தொழிற்சாலையே நடத்தியது. பெரம்பூர் போன்ற ரயில்வே குடியிருப்பில் இப்படி ஒரு கருவி பரணில் கிடைப்பதில் வியப்பில்லை. இன்னொரு வழி மீரட். 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனத்தை ஒட்டி அங்கே பேண்டு வாத்தியத் தொழில் வேரூன்றியது. நம் கல்யாண பேண்டுகளில் இன்று ஒலிக்கும் பித்தளைக் கருவிகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருபவை. ஆங்கிலப் பெயரைப் பொறித்துக்கொண்டு வந்த நகல்களும் உண்டு. எழுத்தின் ஆழம், வால்வு மூடிகளின் மரை, எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்று வால்வுகளிலும் 1, 2, 3 என்று எண் பொறித்து, அந்த எண் வால்வு உறையின் எண்ணோடு ஒத்திருந்தால், அவை முதலிலிருந்தே சேர்ந்து இருந்தவை என்று பெரும்பாலும் நம்பலாம்.

அமெரிக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய டிரம்பெட் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பெயர்கள் வரும். வியன்னா பக்கத்தில் பிறந்த வின்சென்ட் பாக் நியூயார்க்கில் 1918இல், உதடு வைத்து ஊதும் மௌத்பீஸ் செய்யத் தொடங்கி, 1920களின் நடுவில் டிரம்பெட்டுக்கு வந்தார். 1961இல் தன் நிறுவனத்தை செல்மர் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன் பிராங்ஸிலும் மவுன்ட் வெர்னனிலும் செய்தவற்றைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். சிகாகோ சிம்பொனியின் முதன்மை டிரம்பெட் கலைஞராக இருந்த எல்டன் பெஞ்ச், தான் நேசித்த பிரெஞ்சு பெசனை முன்மாதிரியாக வைத்து 1930களில் தானே கருவி செய்யத் தொடங்கினார். மார்ட்டின் நிறுவனத்தின் ‘கமிட்டி’ என்ற மாதிரியை மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, செட் பேக்கர் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் மூவரும் வாசித்தார்கள். அந்தக் கருவியின் குணம் நம் வாசிப்புக்கு மிக நெருங்கியது என்பதால் அதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

இன்றைய புதிய டிரம்பெட்டை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் ஒரு குழியில் போய் விழுவதைப் போல நிலைகொள்ளும். உதடு சற்றே தவறினாலும் கருவி சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோலிக் குழியில் குண்டு விழுந்த மாதிரி, விழுந்த இடத்தில் நிற்கும். பழைய கருவிகள் பலவற்றில் அந்தக் குழி ஆழமற்றது, அகலமானது. சுரத்தை மேலும் கீழும் நகர்த்தலாம், கருவி தடுக்காது. சுருதி ஞானம் இல்லாதவருக்கு இது தொல்லை. ஆனால் நாம் வாசிப்பது என்ன? சினிமாப் பாட்டில் சுரம் வழுக்கிச் செல்லும் ஒரு ஜாரு, கீர்த்தனையில் ஒரு அசைவு, துக்க வீட்டில் வாசிக்கும் ஞானப்பாட்டில் நிறுத்திச் சரிக்கும் ஒரு நீண்ட சுரம். இவற்றை வால்வைப் பாதி அழுத்தி ஏமாற்றாமல், உதட்டாலேயே வாசிக்க வேண்டுமானால் சுரம் அசைய வேண்டும். நாதஸ்வரத்தில் சீவாளியை உதடு பிடிக்கும் விதத்தில் சுரம் அசைவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கமிட்டி வகை டிரம்பெட்டும் நல்ல நிலையில் இருக்கும் பழைய பெசனும் தரும் நெகிழ்ச்சி ஒரு வரம். பழைய டிரம்பெட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான்: அது வாசிப்பவரைத் திருத்தாது, வாசிப்பவர் சொல்வதை அப்படியே சொல்லும்.

ஒலியின் நிறமும் வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் பெல்லின் வாய் இன்றைய ஏறத்தாழ 123 மில்லிமீட்டரை விடச் சிறியது, தொண்டையும் ஒடுக்கம். அதனால் ஒலி பரவுவதை விடக் கூர்ந்து போகும். மெதுவாக வாசிக்கும்போது நடுவில் ஒரு திரட்சி இருக்கும், ஓரத்தில் ஒரு மென்மை இருக்கும். அழுத்தி ஊதினால் சீக்கிரமே வெண்கலத் தட்டைத் தட்டியது போல் பிளிறும். டிரம் செட்டுக்கு நடுவே தெருவில் ஊர்வலம் வாசிக்க இது தோதுப்படாது. ஊதுபவர் கேட்க வேண்டும் என்ற ஆவலில் மேலும் அழுத்துவார், ஒலி பிளக்கும், உதடும் வீங்கும். பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தின் பிப்ரவரித் திருவிழாவில் தேருக்கு முன்னால் என் பழைய கருவியை எடுத்துக்கொண்டு நடந்த ஆண்டு, பாதி வழியிலேயே உதடு விட்டுப்போனது. அடுத்த ஆண்டிலிருந்து தெருவுக்குப் புதியது, ஆலயத்துக்குள் பழையது என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் குணங்கள் பித்தளையிலிருந்து வருகின்றனவா, வடிவத்திலிருந்து வருகின்றனவா என்பது நெடுநாள் வழக்கு. பழைய பித்தளைக்கு ஒரு மந்திரம் உண்டு என்று நம்புபவர்கள் பலர். பூசி அண்ட் ஹாக்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்கருவி நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித், ஒரே வடிவமும் வெவ்வேறு தகட்டுக் கனமும் கொண்ட டிராம்போன் பெல்களை, எடை ஒன்றாக இருக்கும்படி சமன்செய்து, எது எது என்று தெரியாமல் தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. பெல்லின் அதிர்வால் ஒலியில் அளவிடத்தக்க சிறு மாற்றம் உண்டு என்று பிற்காலச் சோதனைகள் காட்டியிருந்தாலும், உள்ளே காற்று நிற்கும் இடத்தின் வடிவம்தான் பெரும்பங்கு வகிக்கிறது. அதிலும் மௌத்பீஸுக்கு அடுத்து வரும் லீட் பைப்பில், 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி 11.5 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து போகும் அந்தச் சில அங்குலங்களில் மயிரிழை மாறினாலும் வாசிப்பவர் உணர்வார். கைவேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது: அச்சில் அடித்துப் பொருத்தும்போது செய்தவர் உள்வடிவத்தை எவ்வளவு பொறுமையோடு காத்தார் என்பதில்.

இனி உங்கள் சுருதிச் சிக்கலுக்கு வருகிறேன். இன்று கீபோர்டு நிற்கும் 440 என்ற அளவு (‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் இங்கிலாந்தின் பேண்டுகள் 452.5 என்ற உயர்சுருதியில் வாசித்தன. பித்தளைப் பேண்டுகளில் அது 1960களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. அதாவது உங்கள் தாத்தாவின் கருவி உயர்சுருதிக்குச் செய்ததாக இருந்தால், கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். எந்தக் கட்டையிலும் சேராது. ஆறரைக் கட்டை டிரம்பெட்டின் மொத்தக் குழாய் நீளம் சுமார் 148 சென்டிமீட்டர். உயர்சுருதிக் கருவி 144 அளவில்தான் இருக்கும். குறைவது 4 சென்டிமீட்டர். இழுத்து நீட்டக்கூடிய ஸ்லைடு என்ற குழாய்க்கு இரண்டு கால்கள் என்பதால் பிரதான ஸ்லைடை 2 சென்டிமீட்டர் இழுத்தால் வால்வு அழுத்தாத சுரங்கள் சேர்ந்துவிடும். ஆனால் அத்துடன் நிறுத்தினால் வால்வு அழுத்தும் சுரங்கள் மேலே நிற்கும். வால்வுக் குழாய்களும் அதே விகிதத்தில் நீள வேண்டும்: முதல் ஸ்லைடை இரண்டரை மில்லிமீட்டர், மூன்றாவதை 4 மில்லிமீட்டர் என்று இழுத்துப் பாருங்கள். ஸ்லைடு வெளியே வரும் நீளம் இதற்குப் போதவில்லை என்றால் லேத்தில் நீட்டுக் குழாய் செய்து இணைக்கலாம். பழைய குழாயை அறுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் முதலாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுரம் ஏறியே நிற்கும். அது எல்லா டிரம்பெட்டுக்கும் உரிய கணக்கு. ஒரு முழுச் சுரம் இறங்க 18 சென்டிமீட்டரும் ஒன்றரைச் சுரம் இறங்க 28 சென்டிமீட்டரும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 46. ஆனால் இரண்டரைச் சுரம் இறங்க உண்மையில் தேவைப்படுவது 49க்கு மேல். புதிய கருவிகளில் மூன்றாம் ஸ்லைடில் விரல் மாட்டும் வளையம் வைத்து இதைத் தள்ளிச் சரிசெய்கிறோம். பழையவை பலவற்றில் வளையம் இல்லை. உதட்டால்தான் இறக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் ஐந்தாம் மேற்சுரமாக வரும் காந்தாரம் கீபோர்டை விடச் சற்றுத் தாழ்ந்து நிற்பதும் இயற்கை. தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. தனியாக வாசிக்கும்போது அந்தக் காந்தாரத்தின் இனிமையை மாற்ற வேண்டாம். கீபோர்டோடு சேரும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெயரை விடவும் வயதை விடவும் முக்கியமானது காற்று கசிகிறதா என்பது. மூன்றாம் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல ஓர் அங்குலம் இழுத்து, ஐந்து எண்ணிவிட்டு, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று ஓசை வந்தால் பிஸ்டன் இன்னும் உறையோடு நெருக்கமாக இருக்கிறது. ஓசையே இல்லையென்றால் தேய்ந்துவிட்டது. அத்தகைய கருவியில் மெல்லிய சுரங்கள் பிறக்கும்போதே மூச்சுக் காற்றும் சேர்ந்து வரும். அடுத்து லீட் பைப்பின் வெளிப்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நடுவில் கருத்த புள்ளியோடு மச்சம் போல ஏதாவது தெரிகிறதா? எச்சிலின் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உள்ளிருந்து அரித்துச் செம்பை மட்டும் விட்டுவைத்திருப்பதன் அடையாளம் அது. நம் பக்கத்துக் கடற்காற்று வெளியே பச்சைக் களிம்பைத்தான் ஏற்றும், துடைத்தால் போய்விடும். உள்ளிருந்து வரும் இந்தச் சிவப்பு போகாது. மௌத்பீஸையும் கவனியுங்கள். இன்றைய மௌத்பீஸின் கால், அதைச் செருகும் பழைய வாங்கியில் முழுதாக இறங்காமல் நின்றால் சுருதி எல்லாம் குலையும். கருவியின் வாங்கியை அராவிப் பெரிதாக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். மௌத்பீஸின் காலைக் கடைந்து பொருத்துங்கள். கெட்டால் இன்னொன்று வாங்கலாம்.

பாலிஷைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடமிருந்த ஒரு பழைய கருவியின் பெல்லில் இருந்த ஒடுக்கை எடுக்க ஒரு பட்டறையில் கொடுத்தேன். வாகனங்களுக்கு டிங்கரிங் செய்யும் கையோடு கேஸ் நெருப்பைக் காட்டி ஒடுக்கை எடுத்து, மகிழ்விப்பதாக எண்ணிப் பஃபிங் சக்கரத்திலும் பிடித்துக் கொடுத்தார்கள். பொறிப்பு எழுத்துகள் கரைந்து நிழலாகிவிட்டன, பெல்லின் விளிம்பு கத்தி போல மெலிந்திருந்தது, சுத்தியலால் அடித்து அடித்து ஏற்றியிருந்த இறுக்கம் நெருப்பில் இளகிப்போனது. விரலால் சுண்டினால் முன்பு மணி போல் நீண்ட ஓசை, அதன்பின் தகரம் போல நின்றது. அரை மில்லிமீட்டர் தகட்டில் சக்கரம் எடுப்பதை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

எனவே புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, ஸ்லைடுகளையும் வால்வுகளையும் கழற்றி, உள்ளே மெல்லிய பிரஷ் விட்டுக் கழுவுங்கள். சிக்கிய ஸ்லைடை இழுத்துப் பிய்க்காமல், ஓரத்தில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது நாளடைவில் பிசினாகிவிடும், வால்வு ஆயிலே விடுங்கள். பிறகு பத்து நாள் பாட்டு எதுவும் வாசிக்காமல், நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தை மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, இறக்கி, மூச்சு முடியும் வரை பிடியுங்கள். ஒவ்வொரு சுரத்திலும் கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்கள் உதட்டுக்குத் தெரியவரும். பதினோராம் நாள் கொயரின் கீபோர்டுக்காரரை வீட்டுக்கு அழைத்து, ஸ்லைடுகளை நான் சொன்ன அளவில் இழுத்து வைத்து, தாத்தா வாசித்த ஏதாவது ஒரு ஞானப்பாட்டை மெதுவான காலத்தில் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.